கூப்பிடக் கூடாத சந்தர்ப்பங்கள்

என் வீட்டுக்காரர் சோலைமலைக்கு நான் போட்ட மதிப்பெண் நூற்றுக்குப் பதினொன்று. அதையும் இரக்கப்பட்டுத்தான் போட்டேன். அன்றைக்கு வீட்டில் ரசம் கிடையாது. எங்கள் வீட்டில் சமையல் அவர் பொறுப்பு, கோபத்தைக் காட்ட அவருக்கு வேறு வழி தெரியாது.

நான் சுகிர்தா, மதுரையில் கருவி விளக்க மதிப்பீட்டாளர். இதைக் கேட்டுவிட்டு எங்கள் தெருவில் பாதிப் பேர் நான் ஸ்பேனர் விற்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். விஷயம் இதுதான். ஊரில் இப்போது யாரும் எந்தக் காரியத்தையும் தானாகச் செய்வதில்லை, குமாஸ்தாவிடம் சொல்லிவிடுகிறார்கள். குமாஸ்தா ஒரு செயற்கை அறிவு. அதற்கு மூளை உண்டு, கை கால் கிடையாது. அதனால் தண்ணீர் மோட்டார், கேட், ஆட்டோக்காரர், பிளம்பர், புரோகிதர் என்று எல்லாவற்றையும் அதற்குக் கருவியாகப் பதிந்து வைத்திருக்கிறது எங்கள் கம்பெனி. மோட்டாரும் கருவிதான், மனிதனும் கருவிதான். ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கம் உண்டு: என்ன செய்யும், எப்போது கூப்பிடலாம், எப்போது கூப்பிடக் கூடாது. குமாஸ்தா முகம் பார்க்காது, அக்கம்பக்கத்தில் விசாரிக்காது. எழுதியிருப்பதை அப்படியே நம்பி ஆளைக் கூப்பிடும். அந்த விளக்கம் உருப்படியாக இருக்கிறதா என்று சோதித்து மதிப்பெண் போடுவது என் வேலை.

நம் ஆட்கள் விளக்கம் எழுதும் லட்சணத்தைச் சொல்ல வேண்டும். தலைமுறை தலைமுறையாகக் கடை போர்டு எழுதிப் பழகிய கை. பைபாஸ் ரோட்டு அடுக்குமாடி ஒன்றில் தண்ணீர் மோட்டாருக்கு 'இருபத்துநான்கு மணி நேரமும் தடையற்ற சேவை' என்று எழுதி வைத்தார்கள். குமாஸ்தாவும் தடையில்லாமல் ஓட்டியது. மொட்டை மாடியில் தொட்டி நிரம்பி, தண்ணீர் படி வழியாக இறங்கி, சங்கச் செயலாளர் வீட்டு ஹாலில் வந்து நின்றது.

அதிலும் 'எப்போது கூப்பிடக் கூடாது' என்ற கட்டத்தை ஒருத்தரும் நிரப்ப மாட்டார்கள். தன்னால் முடியாததை எழுத்தில் கொடுக்க நம் ஊரில் யாருக்குக் கை வரும்? போட்டோ ஸ்டுடியோக்காரர் ஒருவர் மட்டும் அதை நிரப்பியிருந்தார்: 'எங்களைக் கூப்பிடாமல் இருக்கவே கூடாது.' அவருக்குச் சைபர் போட்டேன்.

சொந்தக்காரர்களுக்கு மதிப்பெண் போடக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. ஆனால் மதுரையில் அந்த விதியை வைத்துக்கொண்டு ஆபீஸ் நடத்த முடியாது. கால் மணி நேரம் பேச்சுக் கொடுத்தால் யாரும் யாருக்காவது மாமன் மச்சான் ஆகிவிடுவார்கள். அதனால் மதிப்பெண் போட்டு முடித்ததும் திரையில் 'இந்தக் கருவி உங்களுக்குச் சொந்தமா?' என்று ஒரு கேள்வி வரும், நாங்கள் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு 'இல்லை' என்று அமுக்குவோம். சோலைமலைக்குப் பதினொன்று போட்ட அன்றும் நான் 'இல்லை' என்றுதான் அமுக்கினேன். அவர் என் அத்தை மகன், கட்டின புருஷன். இருந்தாலும் கை பழக்கம்.

இனி அவர் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். அவர் துணைக்குப் போகிறவர். ஆஸ்பத்திரிக்கு, பத்திரப்பதிவுக்கு, பெண் பார்க்க, பழைய வண்டி வாங்க, யாருக்காவது கூட ஒரு ஆள் வேண்டுமென்றால் இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்பிவிடுவார். அங்கே போய் என்ன செய்வார் என்றால் ஒன்றும் செய்ய மாட்டார். ஆனால் அவர் குமாஸ்தாவுக்கு எழுதிக் கொடுத்த விளக்கத்தைப் பாருங்கள்: 'சோலைமலை சர்வீஸ். அனைத்து விதமான வேலைகளும் சிறந்த முறையில் செய்து தரப்படும். ஒருமுறை அழைத்துப் பாருங்கள்.'

குமாஸ்தா அழைத்துப் பார்த்தது. விளாங்குடியில் ஒரு வீட்டுக் குளியலறையில் பாம்பு. இவரை அனுப்பியது. இன்னொரு நாள் வாய்தாவுக்கு வக்கீல் வரவில்லை என்று கோர்ட்டுக்கு அனுப்பியது. நீதிபதி கேட்டதற்கெல்லாம் இவர் 'ஆமாங்கய்யா' என்று சொல்லி, கட்சிக்காரர் கிட்டத்தட்ட உள்ளே போகப் பார்த்தார்.

"பாம்ப நான் பாத்துக்கிட்டேன்ல?" என்றார், பதினொன்றைப் பார்த்ததும்.

"எங்க பாத்தீங்க மாமா? நீங்க வாசல்ல நின்னு அந்தக்காகிட்ட பேசிக்கிட்டு இருந்தீங்க. அது போரடிச்சுப் போய் தானா சாக்கடை வழியா போயிருச்சு."

"அந்தக்கா அஞ்சு நட்சத்திரம் குடுத்துச்சு."

"பாம்பு எத்தன குடுத்துச்சு?"

அதற்குப் பிறகுதான் ரசம் நின்றது.

மறுநாள் எங்கள் மேலாளர் கிளாடிஸ் மேடம் கூப்பிட்டார். தலைமை அலுவலகத்தில் பெருக்கித் துடைக்கிறார்களாம். அறுபதுக்குக் கீழே இருக்கிற கருவியெல்லாம் வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிகிற நேரத்தில் நீக்கப்படும்.

"சுகிர்தா, உன் வீட்டுக்காரர் பேரும் அதுல இருக்கு. புது விளக்கம் எழுதிக் குடு. எழுத்துல மட்டும் நல்லா இருந்தாப் பத்தாது. வெள்ளிக்குள்ள நெசமான ஒரு போன் கால் வரணும், அந்த கால் சரியானதா இருக்கணும். அப்பத்தான் நிக்கும்."

நீக்கிவிட்டால் அவ்வளவுதான். யாரும் யாரையும் நேரில் கூப்பிடும் பழக்கம் ஊரில் போய்விட்டது. ஒருத்தர் நம்பர் ஒருத்தரிடம் கிடையாது. குமாஸ்தா கூப்பிடாத ஆளை ஊரே மறந்துவிடும். எதிர்த்த வீட்டு டெய்லர் அப்படித்தான் நீக்கப்பட்டு, இப்போது பகலெல்லாம் பால்கனியில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களின் சட்டை அளவை வாய்க்குள் சொல்லிக்கொண்டிருக்கிறார். சோலைமலைக்கோ நாலு பேர் முகத்தைப் பார்க்காவிட்டால் சோறு இறங்காது. ஆயிரம் குறை சொல்வேன், அந்த மனுஷன் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்க்க என்னால் முடியாது.

அன்று சாயங்காலமே சமையலறையில் உட்கார்ந்தோம். அவர் வெங்காயம் உரித்தார், நான் எழுதினேன்.

"சொல்லுங்க மாமா. இந்தக் கருவி என்ன செய்யும்?"

"கூடப் போகும்."

"போயி?"

"நிக்கும்."

"நின்னு?"

"காபி குடிச்சீங்களான்னு கேக்கும்."

"அதுக்கப்புறம்?"

அவர் யோசித்தார். "அதுக்கப்புறம் அவுங்க கூப்ட்ட வேலை முடிஞ்சிரும். வீட்டுக்கு வந்துருவோம்."

'இந்தக் கருவி எந்த வேலையையும் செய்யாது. உடன் இருக்கும்' என்று எழுதினேன். எட்டிப் பார்த்தவர் முகம் சுருங்கிவிட்டது.

"எந்த வேலையும் செய்யாதுன்னு ஊர் பூராம் சொல்லணுமா?"

"ஊருக்கு இல்ல, குமாஸ்தாவுக்கு. எதுக்கு ஆகாதுன்னு எழுதாட்டி, எல்லாத்துக்கும் ஆகும்னு அது நெனச்சுக்கும். அடுத்து உங்களப் பிரசவம் பாக்க அனுப்பும், பரவாயில்லையா?"

அடுத்து 'எப்போது கூப்பிடக் கூடாது' என்ற கட்டம். இங்கேதான் என் வாய்க்கொழுப்பு கைக்கும் வந்தது. பாம்பு, கோர்ட், மின்சாரம் என்று ஒழுங்காகத்தான் ஆரம்பித்தேன். பிறகு, காய்கறி வாங்க அனுப்பக் கூடாது, முற்றின வெண்டைக்காயை மட்டும் தேடிப் பிடித்து வருவார். ரகசியம் சொல்லக் கூடாது. வழி கேட்கக் கூடாது, தெரியாது என்று சொல்லத் தெரியாமல் கையைக் காட்டிவிடுவார். அவசரமென்றால் கூப்பிடக் கூடாது. பாட்டுப் பாடச் சொல்லவே கூடாது. கல்யாணமான நாளிலிருந்து சேர்ந்து கிடந்த சங்கதியெல்லாம் அந்தக் கட்டத்தில் இறங்கியது. எழுத எழுத எனக்கு உற்சாகம் தாங்கவில்லை.

அவர் முழுக்கப் படித்தார். "இம்புட்டா?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்ப வெங்காயத்தை எடுத்தார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் எழுதியதில் ஒன்றுகூடப் பொய்யில்லை, அடிக்கவும் மனம் வரவில்லை.

"சரி, எப்பக் கூப்பிடலாம்? அது இன்னும் காலியா இருக்கு."

"'நானே போயிக்கிறேன்'னு யாராச்சும் சொன்னா கூப்பிடச் சொல்லு."

"மாமா, அப்படிச் சொல்றவங்க வேண்டாம்னு சொல்றாங்க. வேண்டாம்ங்கிறவங்களுக்கா ஆள் அனுப்புறது? இதுக்கு நான் மார்க்கே போட மாட்டேன்."

"நீ போடாட்டிப் போ. எழுது."

எழுதினேன். மறுத்தால் சாம்பாரும் நின்றுவிடும் என்ற பயம்தான் காரணம்.

சோதனை என்றால் இப்படி: நாங்கள் பொய்யாக விதவிதமான கோரிக்கைகளைக் குமாஸ்தாவிடம் கொடுப்போம், அது எந்தக் கருவியை எடுக்கிறது என்று பார்ப்போம். பாம்பு என்றோம், பாம்பு பிடிப்பவரை எடுத்தது. வக்கீல் என்றோம், வக்கீலை எடுத்தது. சோலைமலை பக்கமே அது திரும்பவில்லை. விளக்கத்துக்கு எழுபத்தெட்டு கிடைத்தது. நான் எழுதிய விளக்கத்துக்கு நானே காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை கால் வரவில்லை. புதன், வியாழனும் வரவில்லை. காலையில் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு சோபா நுனியில் உட்காருவார். சாயங்காலம் நான் வரும்போதும் அதே நுனியில் இருப்பார். கடைக்குப் போனாலும் மாடிக்குத் துணி எடுக்கப் போனாலும் என் பின்னாலேயே வந்தார்.

ஆபீஸில் குமாஸ்தாவையே கேட்டேன். "சோலைமலையை ஏன் கூப்பிட மாட்டேங்கிற?"

"அவரைக் கூப்பிடக் கூடாத சந்தர்ப்பங்கள் மிகத் தெளிவாக எழுதப்பட்டுள்ளன, அம்மா. நேற்று ஒருவர் அவசரமாக மருத்துவமனை செல்ல வேண்டும் என்றார். அவசரத்துக்குக் கூடாது என்று இருந்தது. இன்னொருவர் துணைக்கு ஆள் வேண்டும், வழியில் காய்கறி வாங்க வேண்டும் என்றார்."

"வெண்டைக்காயா?"

"வெண்டைக்காயும் இருந்தது."

கிளாடிஸ் மேடம் விளக்கத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, இதப் படிச்சா எனக்கே கூப்பிடத் தோணலையே. முன்னாடி எல்லாத்துக்கும் போனாரு. இப்ப எதுக்குமே போக விடாம நீயே அடச்சு வச்சிருக்க. இது விளக்கமா, மாமியார்கிட்ட குடுக்கிற கம்ப்ளெய்ண்டா?"

அவர் சொன்னது நியாயம்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருத்தருக்கு நல்ல மதிப்பெண் வாங்கிக் கொடுத்து, அவர் பிழைப்பைக் கெடுத்திருக்கிறேன். சோதனைக்குப் போன விளக்கத்தை அந்த வாரம் முடிகிறவரை திருத்தவும் முடியாது.

இதற்கு நடுவில் எனக்கு இன்னொரு கவலை. கழுத்தில் ஒரு கட்டி. ஊசி போட்டுக் கொஞ்சம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள், வெள்ளிக்கிழமை பிற்பகல் ரிசல்ட். வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. ரகசியம் தங்காத வாய் என்று நானே எழுதிக் கொடுத்திருக்கிறேனே. சொன்னால் தெருவே பழக்கூடையோடு வந்து நிற்கும். தவிரவும், கூட வந்து என்ன செய்யப்போகிறார்? எந்த வேலையையும் செய்யாது என்பதுதானே முதல் வரி.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் குமாஸ்தாவிடம் சொன்னேன்: "மூணு மணிக்கு ஆபீஸ் வாசலுக்கு ஒரு ஆட்டோ. ஆஸ்பத்திரிக்கு. வீட்டுல ஒண்ணும் சொல்ல வேண்டாம், நானே போயிக்கிறேன்."

"ஏற்பாடு செய்கிறேன், அம்மா."

மூன்று மணிக்கு வாசலுக்கு வந்தேன். ஆட்டோ நின்றது. பின்சீட்டில், இஸ்திரி போட்ட சட்டையோடு, தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு, சோலைமலை உட்கார்ந்திருந்தார்.

என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "சுகி, எனக்கு கால் வந்துருச்சு. இந்த ஆபீஸ்லதான் யாரோ ஒரு அம்மாவாம். வந்துருவாங்க, நீ உள்ள போ."

நான் ஆட்டோவில் ஏறக் காலை வைத்தேன்.

"என்ன?" என்றார். பிறகு ஆட்டோக்காரரைப் பார்த்தார், ஆபீஸ் வாசலைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். "நீயா?"

குமாஸ்தா வீட்டில் எதுவும் சொல்லவில்லை. சொன்ன சொல் தவறவில்லை. 'நானே போய்க்கொள்கிறேன்' என்று ஒருவர் சொன்னார், அந்த வாரத்தில் அப்படிச் சொன்ன ஒரே ஆள். விளக்கத்தைப் படித்தது, கருவியைக் கூப்பிட்டது. எழுதினது நான்.

அவர் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார். எங்கே போகிறோம், என்ன உடம்புக்கு, ஏன் சொல்லவில்லை என்று ஒரு கேள்வி கேட்க வேண்டுமே. வீட்டில் ஊறுகாய் பாட்டிலைக் காணோமென்றால் ஒன்பது கேள்வி கேட்கிற மனுஷன். ஆட்டோ பாலத்தில் ஏறின பிறகு, "காபி குடிச்சியா?" என்றார்.

"இல்ல."

"குடிக்கலாம்."

ஆஸ்பத்திரி கவுண்டரில் நர்ஸ் நிமிர்ந்து பார்க்காமலே, "கூட யாரு வந்திருக்கா?" என்று கேட்டார். ஊரே மாறிப்போனாலும் இந்தக் கேள்வி மட்டும் மாறவில்லை. 'யாரும் இல்லை, நான்தான்' என்று பதிலைத் தயார் செய்து வைத்திருந்தேன். அதற்குள் பக்கத்தில் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி ஒரு கை உயர்ந்தது.

இத்தனை வருஷத்தில் அவர் வேலை செய்து நான் பார்த்ததேயில்லை. அன்றைக்குத்தான் பார்த்தேன். நாற்காலியில் உட்கார்ந்தார். காபி வாங்கி வந்தார், சர்க்கரை ஏகத்துக்கும் அதிகம். எதிரே இருந்த பெரியவரிடம் மழை வருமா என்று பேசினார். டோக்கன் எண் மாறும்போதெல்லாம் என் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "இன்னும் இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தார். பாட்டில் மூடியைத் திறந்து மூடினார். வேறு ஒன்றும் இல்லை, சத்தியமாக ஒன்றும் இல்லை. ஆனால் ஆபீஸ் வாசலிலிருந்து இறுக்கிப் பிடித்திருந்த பையை எப்போது தளர விட்டேன் என்று எனக்குத் தெரியவில்லை.

"மாமா, எனக்குப் பயமா இருக்கு," என்றேன்.

"ம்," என்றார். என் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

டாக்டர் உள்ளே கூப்பிட்டார். கட்டி என் கழுத்தில், ரிசல்ட் என் பேரில், ஆனாலும் அவர் விளக்கியதெல்லாம் சோலைமலையைப் பார்த்துத்தான். சோலைமலை ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கண்ணை மூடித் திறந்து, ரொம்பப் பக்குவமாகத் தலையாட்டினார். பாதி மருத்துவம் படித்துவிட்டு வந்தவர் மாதிரி இருந்தது. வெளியே வந்ததும் என் காதருகே குனிந்து, "டாக்டர் என்ன சொன்னாரு?" என்றார்.

"சாதாரணக் கொழுப்புக் கட்டியாம். ஒண்ணும் செய்ய வேண்டாமாம்."

"அதான பாத்தேன்," என்றார். சொல்லிவிட்டு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். அவர் சட்டை முதுகு முழுக்க வியர்வையில் நனைந்து ஒட்டியிருந்தது. பயப்படாமல் இருந்தார் என்று நான் நினைத்தது தப்பு. எனக்கும் சேர்த்து அவரே பயந்துகொண்டிருந்திருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது, அந்த வராந்தாவில் எல்லாரும் பார்க்க அழுதேன்.

மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. நேரடி அழைப்பு மதிப்பீடு. ஆபீஸ் முடிய இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது.

'கருவி என்ன செய்தது?'

'ஒன்றும் செய்யவில்லை' என்று அடித்தேன். பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தவர் பெருமூச்சு விட்டார்.

'இந்த அழைப்பு தேவையானதா?'

'ஆம்.'

மதிப்பெண் தொண்ணூற்றொன்று போட்டேன். என் பணிக்காலத்தில் நான் யாருக்கும் எண்பதைத் தாண்டினதில்லை.

கடைசியில் அந்தக் கேள்வி வந்தது: 'இந்தக் கருவி உங்களுக்குச் சொந்தமா?' கை பழக்கத்தில் 'இல்லை' பக்கம் போனது. பாதியில் நிறுத்தி, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக 'ஆம்' என்று அமுக்கினேன்.

உடனே கிளாடிஸ் மேடம் போன் செய்தார். "என்ன சுகிர்தா இப்படிப் பண்ணிட்ட? இந்த ஆபீஸ்ல யாரும் அதை அமுக்கினதே இல்ல. இப்ப சொந்தம் இல்லாத ஆள் ஒருத்தர் சரிபார்த்துக் கையெழுத்துப் போடணுமாமே."

"நீங்களே போடுங்க மேடம்."

"போன வருஷம் எங்கம்மாவுக்குக் கண் ஆபரேஷன்ல, நான் பெரிய ஆபீசராட்டம் தனியாப் போயி நின்னேன். அப்ப உன் வீட்டுக்காரரு வேற யாருக்கோ துணைக்கு வந்திருந்தாரு. எனக்கும் சேத்து காபி வாங்கிக் குடுத்தாரு. சரி, உங்களுக்குச் சொந்தமான்னு என்னைக் கேட்டா, நான் 'இல்லை'ன்னு அமுக்கிக்கிறேன்."

அப்படித்தான் சோலைமலை பதிவில் நின்றார். ஆட்டோவில் திரும்பும்போது என் பை இன்னும் அவர் மடியில்தான் இருந்தது. அந்த ஒன்பது மதிப்பெண் எங்கே போச்சு என்று வீடு வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தார்.

"காபியில சர்க்கரை ஜாஸ்தி," என்றேன்.